தவணையில் வாங்கிய வாழ்வு

கல்லறையின் அருகே ஐந்து பேர் நிற்கின்றனர். மனைவி, மைந்தர் இருவர், அண்டை வீட்டுக்காரர், அவருடைய மகன். வேறு எவருமில்லை. மாலையும் மலர்வளையமும் ஏந்தி வணிகர் கூட்டம் வந்து குவியும் என்று மாண்டவன் எண்ணியிருந்தான், வரவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்த நிறுவனத்திலிருந்து ஓர் எழுத்தர் கூட எட்டிப் பார்க்கவில்லை. மனைவி புதைகுழியைப் பார்த்துப் பேசுகிறாள். வீட்டின் மேலிருந்த கடனுக்குக் கடைசித் தவணையை அன்றுதான் கட்டினாளாம். வீடு சொந்தமாகிவிட்டது, குடியிருக்கத்தான் ஆளில்லை. அழ நினைக்கிறாள், அழுகை வரவில்லை.

ஆர்தர் மில்லர் தீட்டிய ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ எனும் ஆங்கில நாடகம் இப்படித்தான் முடிகிறது. 1949 பிப்ரவரி 10ஆம் நாள் நியூயார்க் நகரில் மொராஸ்கோ அரங்கில் அது முதன்முதலாக நடிக்கப்பட்டது. எலியா கசான் இயக்கினார், லீ ஜே. காப் நாயகன் வேடம் தாங்கினார். தொடர்ந்து 742 முறை நடந்தது. அவ்வாண்டின் புலிட்சர் பரிசும் அதற்கே கிடைத்தது.

பரிசு பெற்ற நாடகம் என்பதற்காக நாம் அதை இங்கே எடுத்து வரவில்லை. வாழ்வில் வெற்றி பெற்றவன் யார் என்று கேட்டால், கார் வைத்திருப்பவன், மாடி கட்டியவன், கடைத்தெருவுக்குப் போனால் விலை கேளாமல் வாங்குபவன் என்று விடை கூறும் இளைஞர் கூட்டம் ஒன்று நம்மிடையே பெருகி நிற்கிறது. அந்த விடையை உலகுக்கே ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்கா. அந்நாட்டில், அந்த விடையையே வேதமாக நம்பி வாழ்ந்த ஒருவன் எப்படி அழிந்தான் என்பதை, அந்நாட்டுக்காரரே எழுதிக் காட்டியிருக்கிறார். வெளியே நின்று வீசிய ஏச்சன்று இது; வீட்டுக்குள்ளிருந்து எழுந்த குரல்.

மில்லருக்கு இது ஏட்டறிவும் அன்று. பெண்களுக்கான மேலங்கி தைத்து விற்று, வேலையாட்களும் வசதியுமாக வாழ்ந்த குடும்பத்தில் 1915இல் பிறந்தவர். 1929இல் பங்குச் சந்தை சரிந்ததும் தந்தையின் தொழில் சரிந்தது. குடும்பம் மன்ஹாட்டன் மாளிகைப் பகுதியை விட்டுப் புரூக்ளின் சிறுவீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரிக்குப் பணம் சேர்க்க, மோட்டார் உதிரிப்பாகக் கிடங்கில் கூலிக்கு நின்றார் இளைஞர் மில்லர். உழைப்பும் ஒழுக்கமும் குறையாத தந்தை ஒரே பருவத்தில் ஓட்டாண்டியானதைக் கண்ணால் கண்ட பிள்ளை, பணம் வந்தால் அவன் திறமை, பணம் போனால் அவன் குற்றம் என்ற கதையை எப்படி நம்புவான்?

நாடகத்தின் நாயகன் வில்லி லோமன் அறுபதைக் கடந்தவன். மூட்டை முடிச்சுடன் நகர் நகராகக் காரோட்டிச் சென்று சரக்கு விற்பவன். என்ன சரக்கு? நாடகம் முழுவதும் தேடினாலும் தெரியாது. கேட்டவர்களுக்கு, அவன் தன்னையேதான் விற்றான் என்று மில்லர் விடையிறுத்தார். வெறும் சொல் சாதுரியமாக இதை நாம் கருதவில்லை. நல்ல உடை, நகைச்சுவை, நாலு பேரிடம் நற்பெயர், இவை இருந்தால் செல்வம் தானே வந்து சேரும் என்பது வில்லியின் கொள்கை. நண்பர்களைச் சம்பாதித்து முன்னேறுவது எப்படி என்று டேல் கார்னெகி எழுதிய புத்தகம் 1936இல் வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்ற நாடு அது. புன்னகையும் அங்கே மூலதனம். கைகுலுக்கலும் அங்கே சரக்கு.

இந்நாடகத்தில் நம்மை மிகவும் ஈர்த்தது சாவுக் காட்சியன்று, ஒரு கணக்குக் காட்சி. வில்லியின் நினைவில் விரியும் பழைய நாள். ஊர் சுற்றித் திரும்பியவன், பிராவிடன்சில் ஐந்நூறு குரோஸ், பாஸ்டனில் எழுநூறு குரோஸ் விற்றேன் என்று மார்தட்டுகிறான். மனைவி லிண்டா மகிழ்ந்துபோய், மேலாடைப் பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுக்கிறாள். கமிஷன் 212 டாலர் என்று கூட்டிச் சொல்கிறாள். உடனே அவன் குரல் இறங்குகிறது. பிராவிடன்சில் நூற்றெண்பது இருக்கும் என்கிறான். பிறகு, மொத்தப் பயணத்துக்குமே ஏறத்தாழ இருநூறுதான் என்கிறான். 212 டாலர், எழுபது டாலரும் சில்லறையுமாகச் சுருங்கிவிடுகிறது. அவள் முகம் சுளிக்கவில்லை, ஏசவில்லை. செலவுப் பட்டியலை மெல்லப் படிக்கிறாள். குளிர்சாதனப் பெட்டிக்கு 16 டாலர். அதன் வார் அறுந்துபோனதால் பழுது பார்த்த கூலியும் அதில் அடக்கம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 9 டாலர் 60 காசு. தூசு உறிஞ்சும் கருவிக்கு மூன்றரை. கூரை வேய்ந்ததில் பாக்கி 21. கார் பழுது பார்த்தவருக்கு வேறு தரவேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் ஏறத்தாழ 120 டாலர்!

வருமானம் எழுபது, வாங்கிய பொருள்கள் கேட்பது நூற்றிருபது. வில்லி பொருள்களை வைத்திருக்கிறானா, பொருள்கள் வில்லியை வைத்திருக்கின்றனவா? அவன் பொய் சொன்னதும் எதற்காக? மனைவியை ஏமாற்றிப் பணம் பதுக்கவா? இல்லை. தன் மதிப்பு எத்தனை குரோஸ் என்று தானே தனக்குச் சொல்லிக்கொள்வதற்காக. அந்த எண் குறைந்தால் தான் குறைந்துவிட்டதாக அவன் நடுங்குகிறான். நூற்றிருபதை எழுபதால் அடைக்க முடியாது என்பது கணக்கு. அடைக்க முடியாதவன் மனிதனே அல்லன் என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்ட மதம்.

அதே காட்சியில் மற்றொரு நுட்பம். புதுப்பெட்டி அதற்குள் பழுதானதா என்று வில்லி ஐயுறும்போது, அந்தக் கம்பெனியின் விளம்பரம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று லிண்டா சமாதானம் கூறுகிறாள். அவனும் ஒப்புக்கொள்கிறான். இரண்டாம் அங்கத்தில், காலம் பல கடந்தபின், மீண்டும் குளிர்சாதனப் பெட்டி பழுது. கடைசித் தவணை கட்டும் நேரம். இப்போது அவன் குமுறுகிறான், நல்ல விளம்பரம் உள்ள பெட்டியாக வாங்கியிருக்க வேண்டும் என்று! அதே பெட்டியா, வேறு பெட்டியா என்று நாடகம் சொல்லவில்லை. பெரிய விளம்பரத்தை நம்பி ஏமாந்தவன், ஏமாற்றத்துக்கு மருந்தாக மேலும் பெரிய விளம்பரத்தையே தேடுகிறான். பரிகாரம் பலிக்காவிட்டால் இன்னும் பெரிய பரிகாரம் செய்யவில்லையே என்று வருந்தும் பக்தனை நாம் பார்த்ததில்லையா?

கடன் தீரும் நாளில் பொருளும் தீர்ந்துபோகும்படி கணக்கிட்டுத்தான் இவற்றைச் செய்கிறார்கள் என்றும் வில்லி புலம்புகிறான். பித்தனின் பேச்சு என்று தள்ளிவிட வேண்டா. 1924இல் ஜெனீவா நகரில், உலகின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. விளக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்பது அதன் கட்டளைகளில் ஒன்று. அதற்கு முன் அதைவிட நெடுநேரம் எரிந்த விளக்குகள் இருந்தன. நீடித்து எரியும் விளக்கைச் செய்தவனுக்குத் தண்டம் விதித்தார்கள். 1932இல், வேலையில்லாதோர் தெருவில் திரிந்த பஞ்ச காலத்தில், பெர்னார்டு லண்டன் என்ற நியூயார்க் நகரத்தார் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வீட்டுக்கும் நாற்காலிக்கும் இயந்திரத்துக்கும் அரசாங்கமே ஆயுட்காலம் குறித்துவிட வேண்டும், காலம் முடிந்ததும் மக்கள் அவற்றை ஒப்படைக்க, அரசு அழித்துவிட வேண்டும், அப்போதுதான் வியாபாரம் செழிக்கும் என்பது அவர் கண்ட மருந்து. விளக்கின் ஆயுளைக் குறைத்த உலகம் விற்பனையாளனின் ஆயுளை மட்டும் விட்டுவைக்குமா?

இனி நம் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். இத்தனை அடிபட்டும் வில்லி யாரை நொந்துகொள்கிறான்? முதலாளியையன்று, முறையையன்று. தன்னை. தான் பேசுவது அதிகமோ, தன் உடல் பருமனோ, தன்னைக் கண்டு சிரிக்கிறார்களோ என்று தன்னையே கிளறுகிறான். வாழ்ந்தவன் வாழத் தகுந்தவன், வீழ்ந்தவன் வீழத் தகுந்தவன்! இந்தக் குரல் நமக்குப் புதிதா? முற்பிறவியில் செய்த புண்ணியம் மாளிகையாயிற்று, முற்பிறவியில் செய்த பாவம் குடிசையாயிற்று என்று நம் பாட்டன்மார் காதில் ஓதினார்களே, அதே சரக்குத்தான். அங்கே பிறவி ஒன்று. ஆகவே வினையையும் ஒரே பிறவிக்குள் அடைத்துவிட்டார்கள்.

வலிந்து பொருத்துகிறோம் என எண்ண வேண்டா. ரஸ்ஸல் கான்வெல் என்ற பாதிரியார், ‘ஏக்கர் கணக்கில் வைரம்’ என்ற ஒரே சொற்பொழிவை ஆறாயிரம் முறைக்கு மேல் ஆற்றினார். பணக்காரனாவது மனிதனின் கடமை என்றார். ஏழை ஒவ்வொருவனும் தன் குறையாலோ பிறன் குறையாலோ ஏழையானவனே என்றார். கடவுள் தண்டித்தவனுக்கு இரங்குவது பிழை என்றும் கூறத் தயங்கவில்லை. அந்தப் பேச்சில் வரும் கதை, நிலத்தை விற்றுவிட்டு வைரம் தேடி அலைந்து மடிந்த ஒரு பாரசீக உழவனுடையது. அவன் விற்ற நிலத்திலேயே வைரம் கிடைத்ததாம். அதுதான் கோல்கொண்டாச் சுரங்கமாம்! சிந்து நதிக்கரையிலிருந்து தக்காணத்துக் கோல்கொண்டாவைப் பாதிரியார் எவ்வாறு எட்டிப் பிடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். வைரம் இருக்கும்போது பூகோளம் எதற்கு?

ஹொரேஷியோ ஆல்ஜர் என்பார் சிறுவர்க்கு எழுதிக் குவித்த கதைகளும் இதே பள்ளியைச் சேர்ந்தவை. 1868இல் வந்த ‘கந்தல் டிக்’ அவற்றுள் பேர்போனது. செருப்புக்கு மெருகிடும் சிறுவன் நல்லொழுக்கத்தால் உயர்கிறான் என்பார்கள். கதையைப் படித்தால் அவனுக்கு உத்தியோகம் கிடைப்பது, படகிலிருந்து தண்ணீரில் விழுந்த செல்வர் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றியதால். மெருகுப் பெட்டியை மட்டும் வைத்து அவனை மேலே ஏற்ற ஆசிரியராலேயே முடியவில்லை!

மில்லரின் நாடகத்திலும் வைரம் உண்டு. வில்லியின் அண்ணன் பென், ஆவிபோல் அடிக்கடி தோன்றி, பதினேழு வயதில் காட்டுக்குள் நுழைந்தேன், இருபத்தோராம் வயதில் வெளியே வந்தேன், அப்போது நான் செல்வன் என்று பெருமை பேசுகிறான். ஆப்பிரிக்காவில் வைரச் சுரங்கமாம். அந்நான்கு ஆண்டுகளில் அவன் செய்தது என்ன? வாயைத் திறப்பதில்லை. வைரத்தைத் தோண்டி எடுத்த கறுப்பு உழைப்பாளியின் கைகள் யாருடையவை? அதுவும் இல்லை. தம்பிக்கும் கேட்கத் தோன்றவில்லை. முடிவைக் கண்டு மயங்கியவன் வழியைக் கேட்பதில்லை. மில்லர் இந்த மௌனத்தை வேண்டுமென்றே வைத்தார் என்பது நம் எண்ணம். சிறுவன் பிஃப்புடன் விளையாட்டுக்குச் சண்டையிட்டு, சூழ்ச்சியால் வீழ்த்தி, அயலானோடு நேர்மையாகப் போரிடாதே என்று அதே பென்தான் பாடம் நடத்துகிறான்.

நிறுவன முதலாளி ஹோவர்டு வாக்னரின் அறையில் நடக்கும் காட்சி பலராலும் பாராட்டப்பட்டது. சுருக்கமாகக் கூறி நகர்வோம். நூற்றைம்பது டாலருக்கு வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் மகள் சீட்டியடித்ததையும் மகன் மாநிலத் தலைநகர்களை ஒப்பித்ததையும் அவன் கேட்டு மகிழ்கிறான். எதிரே நிற்பவன் வாரத்துக்கு அறுபத்தைந்து டாலர் கேட்கிறான், ஐம்பதுக்கு இறங்குகிறான், நாற்பதாவது தாருங்கள் என்கிறான். முப்பத்து நான்கு ஆண்டு இந்தக் கம்பெனிக்கு உழைத்தேனே என்று கதறுகிறான். பேசும் இயந்திரத்துக்குச் செவிகொடுத்த முதலாளி, பேசும் மனிதனை வேலையைவிட்டு நீக்கிவிடுகிறான்.

இங்கேதான் மில்லரோடு நமக்குள்ள வழக்கு. சம்பளம் நிறுத்தப்பட்டு, கற்றுக்குட்டியைப்போல வெறும் கமிஷனுக்கு அலையவிடப்பட்ட வில்லிக்கு, ஊரூராகத் தன்னைப்போல் அலையும் ஆயிரவர் உண்டு என்ற நினைவு ஒருமுறையேனும் வருகிறதா? சங்கம் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. 1935இல் தொழிலாளர் கூடிச் சங்கம் அமைக்கும் உரிமையை அமெரிக்கச் சட்டம் உறுதிசெய்தது. அதைக் கொணர்ந்த செனட்டரின் பெயரும் வாக்னர் என்பது வேடிக்கையான ஒற்றுமை! 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதில் வெளியூர் சுற்றும் விற்பனையாளருக்கும் விலக்கு வைத்துவிட்டார்கள். இந்த ஓட்டை வழியாகத்தான் வில்லிகள் விழுந்தார்கள். தான் தொழிலாளி என்பதை வில்லி உணரவில்லை. நாளைய முதலாளி என்றே தன்னை எண்ணினான். அந்த மயக்கத்தை மில்லர் அழகாகக் காட்டுகிறார். மயக்கம் தெளிந்தவன் ஒருவனையாவது அதே தொழிலில் காட்டியிருக்கலாம் என்பது நம் குறை. மூத்த மகன் பிஃப், தானும் தந்தையும் காசுக்குப் பத்துப் பேர் கிடைக்கும் சாதாரண மனிதர்களே என்ற உண்மையை உடைத்துச் சொல்கிறான்; நாடகத்தின் உச்சம் அது. ஆனால் தெளிந்தவன் போக எண்ணும் இடம் மேற்கே உள்ள பண்ணை. அங்கும் அவன் வாரக் கூலிதானே?

லிண்டாவுக்கும் நீதி கிடைக்கவில்லை. கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்டனில் வேறொருத்திக்குப் புதுக் காலுறை பெட்டி பெட்டியாகப் போகிறது. கணக்கெழுத, கவலைப்பட, கணவனைத் தாங்கிப் பேச அவளுக்கு வசனம் உண்டு. அவள் என்னவாக விரும்பினாள்? மில்லர் கேட்கவேயில்லை.

பணம் வேண்டா என்றா நாம் கூறுகிறோம்? அந்தப் பாட்டையும் நாம் அறிவோம். காதற்ற ஊசியும் வாராது என்று ஏழையிடம் பாடிவிட்டு, மடத்துப் பெட்டகத்தைப் பூட்டியவர்கள் இந்நாட்டில் உண்டு. வறுமையைப் புகழ்வது வறியவனைக் கட்டிவைக்கும் கயிறு. வீடு வேண்டும், விளக்கு வேண்டும், பெண்ணின் முதுகை முறிக்கும் வேலையைக் குறைக்கும் துவைக்கும் இயந்திரமும் வேண்டும். லிண்டாவின் பட்டியலில் இருந்த எதையும் ஆடம்பரம் என்று தள்ள நமக்கு மனமில்லை. நாம் மறுப்பது, அவற்றை வைத்து ஆளை எடைபோடும் தராசை. இளைய மகன் ஹாப்பி தன் கடையின் மேலாளரைப்பற்றி ஒரு செய்தி கூறுகிறான். அவர் லாங் தீவில் பெரிய மாளிகை கட்டி, இரண்டே திங்கள் குடியிருந்து, விற்றுவிட்டு, அடுத்த மாளிகை கட்டத் தொடங்கினாராம். கட்டியதில் அவரால் இன்பமாக வாழ முடியவில்லை. அது தெரிந்தும் தானும் அப்படியே செய்வேன் என்கிறான் ஹாப்பி! வெப்லன் என்ற பொருளியலறிஞர் 1899லேயே எழுதினார்: ஒரு நிலைக்குமேல் பொருளைப் பயனுக்காக வாங்குவதில்லை, பிறர் பார்ப்பதற்காக வாங்குகிறார்கள் என்று. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லை ஏது?

வில்லிக்கு மெய்யான ஒரு திறமை இருந்தது. கைவேலை. வீட்டுக்கூடத்துக்கு அவனே மச்சு அமைத்தான். வாசற்படியை அவனே கட்டினான். விற்ற சரக்கு அனைத்தையும்விட அந்த வாசற்படியில்தான் அவன் அதிகமாக வாழ்ந்தான் என்று கல்லறையருகே மகன் நினைவுகூர்கிறான். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்து வெயிலை மறைத்துவிட்ட கொல்லையில், சாகும் இரவில், கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு காய்கறி விதை ஊன்றுகிறான். அதன்பின் காரை எடுத்துக்கொண்டு போய் உயிரை விடுகிறான். இருபதாயிரம் டாலர் இன்ஷூரன்சுப் பணம் மகனுக்குக் கிடைக்கும் என்பது அவன் போட்ட கடைசிக் கணக்கு. உயிரோடிருந்தபோது வாரத்துக்கு நாற்பது பெறாதவன், செத்தால் இருபதாயிரம் பெறுவான்!

இத்தகைய சிறியவன் சோக நாடகத்துக்குத் தலைவனாகலாமா என்று அந்நாட்டுப் பண்டிதர் சிலர் கேட்டனர். அரசன் வீழ்ந்தால் அவலம், ஆள் வீழ்ந்தால் செய்தியா? ஒப்பற்ற தலைவனையே பெருங்காப்பியத்துக்கு வேண்டும் தண்டியலங்காரத்தைக் கற்ற நமக்கு இக்கேள்வி வியப்பளிக்காது. சாதாரண மனிதனும் மன்னரைப் போலவே அவலத்துக்கு உரியவன் என்று மில்லர் அதே 1949இல் கட்டுரை எழுதி விடை தந்தார். நாம் அவர் பக்கம்.

வணிகர்கள் இந்நாடகத்துக்கு அஞ்சியது பண்டிதர் கண்டனத்தைவிடச் சிறந்த சான்று. 1951இல் கொலம்பியா நிறுவனம் இதைத் திரைப்படமாக்கியபோது, முன்னதாகக் காட்ட ஒரு குறும்படமும் எடுத்தது. வணிகக் கல்லூரி ஒன்றில் படம்பிடித்து, விற்பனைத் தொழில் எவ்வளவு இனியது, வில்லி எவ்வளவு விதிவிலக்கானவன் என்று பேராசிரியர்களைப் பேசவைத்தார்கள். வில்லி அவ்வளவு பொருட்படுத்தத் தகாதவன் என்றால் அவனைப் படமெடுத்தது எதற்கு என்று மில்லர் வழக்குத் தொடுப்பதாக எச்சரிக்க, குறும்படம் ஒதுக்கப்பட்டது. 1956இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து, இடதுசாரி நண்பர்களின் பெயரைச் சொல் என்றது, மறுத்தார். 1957இல் தண்டிக்கப்பட்டார், 1958இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு இரத்தாயிற்று. 1983இல் பீகிங் நகரத்தில், சீன நடிகர்களைக்கொண்டு, மில்லரே நேரில் சென்று இயக்கி இந்நாடகத்தை நடத்தினார். பொதுவுடைமை நாட்டாருக்கு இந்த விற்பனையாளன் விளங்குவானா என்ற ஐயம் இருந்தது. மகன் உயர வேண்டுமென்று தகப்பன் படும் பாட்டைக் கண்டு அங்கும் அரங்கம் அடங்கியிருந்து பார்த்தது.

கைப்பேசிக்கும் மாதத் தவணை வந்துவிட்ட இந்நாளில், நாடகக் குழு நடத்தும் தோழர்கள் முழு நாடகத்தையும் மேடையேற்ற முடியாவிட்டாலும் அந்தக் கணக்குக் காட்சியை மட்டுமாவது தமிழில் நடித்துக் காட்டலாம். குரோஸ் என்பது பன்னிரண்டு டஜன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மற்றவை விளக்கமின்றியே விளங்கும். குளிர்சாதனப் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு நாற்காலி, ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.